லிஜினின் வால்வுப் பெட்டி

எட்டாம் திருவிழா, அதாவது கோயிலில் கொடியேறி எட்டாம் நாள், மாலை மேடைக்குப் பின்னால் ஓலை மறைப்புக்குள் இருந்தவர்கள் இவர்கள்தாம். என் தம்பி மத்தியாஸ், அவன் மனைவி குளோரி, அவர்களுடைய பிள்ளைகள் அபின், ஷிபா, லிஜின், திருவட்டாறு மைக் செட் தங்கப்பன், அடுத்த வீட்டு நேசபாய், பிறகு சிலுவைமுத்து ஆகிய நான். பங்குத்தந்தை திருப்பலி முடித்து மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் வாணவேடிக்கைக்காரனோடு கடலோரத்தில் நின்றார்கள். 'நான் கண்ணால் கண்டேன்' என்று இன்றைக்குச் சாயாக்கடையில் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அந்த ஓலை மறைப்புக்கு உள்ளே வரவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அப்பா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். அவருக்குப் பிறகு பாட்டுக்குழு எங்கள் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. மத்தியாஸ் தபேலா வாசித்தான். அவனுடைய மூத்த மகன் அபின் கித்தார். மீசை முளைக்கும் முன்பே அபின் வாசித்தால் பெண்கள் ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பிறகு ஒரு ஆடி மாதம், கரையோரம் அலை உடைகிற அலைவாயில் வள்ளம் புரண்டு மத்தியாஸின் இடுப்பு போயிற்று. அபின் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனான். தூண்டில் தொழில். தங்கூசி என்கிற நைலான் நூல் ஓடி ஓடி அவன் விரல்களில் கோடு விழுந்து, கோடுகள் காய்ப்பாகி, கித்தார் கம்பி எங்கே இருக்கிறது என்று தொட்டுத் தெரியாத கைகளாக அவை ஆயின. இருந்தாலும் குழுவுக்கு அவன்தான் தலைவன். இளையவன் லிஜினுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. லிஜின் நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போனான். மெலிந்த, நீண்ட விரல்கள். அண்ணன் சம்பாத்தியத்தில் வளர்ந்த விரல்கள் என்று அபின் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தம்பி வாசிக்கும்போது அவன் பார்ப்பது கித்தாரை அல்ல, அந்த விரல்களை.

பெட்டி வந்தது 2010 சித்திரை மாதம். ஷிபாவின் கணவன் துபாயில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய கார்கோவில் கம்பளிக்கும் பால்பொடி டப்பாக்களுக்கும் நடுவில் பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. கித்தாருக்கான ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோவில் இருப்பதுபோல உள்ளே வால்வுகள் கொண்டது. முன்பக்கம் துணி போர்த்தி, பின்பக்கம் பாதி திறந்திருந்தது.

அபின் கடலிலிருந்து வந்தபோது எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவன் கைகளில் கணவாய் மை காயாமல் இருந்தது.

"இது என்னது?"

"ஆம்ப்பு அண்ணா. வால்வு ஆம்ப்பு. மச்சான் அனுப்பினது," என்றான் லிஜின்.

"ஆருக்கு?"

குளோரி எழுந்தாள். "மக்கா, கை கழுவிட்டு வா. மரச்சீனி ஆறிப்போவுது. சாளக் கறி வச்சிருக்கேன்."

"ஆருக்குண்ணு கேட்டேன்."

ஷிபா சொன்னாள்: "லிஜினுக்கு. வாரா வாரம் போன்ல அவருக்க உயிர எடுத்தான். சல்லியம் தாங்காம வாங்கி அனுப்பினாரு. நீ ஒண்ணும் கேக்கல்லியே அண்ணா."

"கேக்காதவனுக்கு ஒண்ணும் வேண்டாம், இல்லியா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"இல்ல, நீ சொல்லல்ல. மூத்தவன் வாயத் தொறந்து கேக்கணும். சரி. நமக்குத் தெரியாமப் போச்சு."

எங்கள் வீட்டில் மூத்தவன் கேட்பதில்லை. மற்றவர்களாகப் பார்த்துச் செய்வதுதான் முறை. அந்த வகையில் அவனுக்கு வருத்தம் வந்ததில் பிழையில்லை. உண்ண வைத்த பாத்திரத்துக்கு முன்னால் நின்று அதைப் பேசியது பிழை.

லிஜின் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஒயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"என்னலே, சத்தத்தக் காணோம்?" என்றான் மத்தியாஸ்.

"சூடாவணும் அப்பா."

"பழைய ரேடியோவும் இப்படித்தான். சேதி கேக்கணும்ணா முன்னாலயே திருகி வைக்கணும். அது சூடாவுகதுக்குள்ள சேதி முடிஞ்சிரும்."

குளோரி குனிந்து பார்த்தாள். "இதுல எஞ்சின் எது மக்கா?"

"பின்னால பாரு. கண்ணாடிக்குள்ள சிவப்பா எரியுதா? அதுதான் எஞ்சின்."

குளோரி அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

பிறகு லிஜின் ஒரு கம்பியைத் தட்டினான். சத்தம் பெரிதில்லை. ஆனால் அடுப்படியில் கவிழ்த்திருந்த சருவம் கூடச் சேர்ந்து முனகியது. பாடுகிறவர்களுக்குத் தொண்டை சூடான பிறகு ஒரு சின்னக் கரகரப்பு வருமே, அதுபோன்ற ஒன்று அந்த ஒலியின் ஓரத்தில் இருந்தது. அபினுடைய பெட்டி கோட்டாற்றில் பலகையடித்துச் செய்தது. அதில் எதை வாசித்தாலும் கூடவே தேனீ இரையும். அபின் முற்றத்தில் நின்று, மை போன பிறகும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பு ஒரு மத்தியானம், மத்தியாஸிடம் வாங்கிய வலை ஊசியைக் கொடுக்கப் போனேன். உள்ளே கித்தார் கேட்டது. மாதா பாட்டு. எங்கள் அப்பா ஆர்மோனியத்தில் வாசித்துவந்த பழைய மெட்டு. லிஜின் கல்லூரிக்குப் போகவில்லையா என்று எட்டிப் பார்த்தால், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது அபின். ஆட்காட்டி விரலில் வெட்டுக்குத் துணி சுற்றியிருந்தது. மற்ற விரல்களால் சமாளித்து வாசித்தான். இரண்டு இடத்தில் தவறினான். மற்றபடி லிஜினுக்கு இன்னும் பத்து வருஷம் கழித்து வரக்கூடிய வாசிப்பு அது.

என் நிழலைக் கண்டதும் ஸ்விட்சை அணைத்தான்.

"உள்ள பூச்சி கேறுதாண்ணு பாத்தேன் பெரியப்பா."

"பாத்தாச்சா?"

"பூச்சி ஒண்ணும் இல்ல."

தோளில் கிடந்த தோர்த்தால் பெட்டியில் படிந்த உப்புத் தூசியைத் துடைத்து, துணியை இழுத்து மூடி, அது இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுப் போனான்.

அவனை நான் மட்டும் பார்க்கவில்லை. குளோரி கொல்லைப்பக்க வாசலில் நெத்திலிக் கூடையோடு நின்றிருந்தாள். அவள் பார்த்தது வேறு.

"அத்தான், கண்டியளா? ஆளில்லா நேரம் பாத்து அதத் தடவிட்டு இருக்கான்."

"வாசிச்சான் ஏட்டி. அவ்வளவுதான்."

"வாசிச்சானா? அவன் நோட்டம் நீங்க பாக்கல்ல. போன மாசம் லிஜின் நல்லா வாசிக்காண்ணு ஃபாதர் சொன்ன அண்ணைக்கு, அவன் சோறு தின்னல்ல. நான் பெத்த பிள்ளதான், இருந்தாலும் சொல்லுகேன். அவனுக்க கண்ணு கூடாது."

பெற்றவளே அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்தேன். நெத்திலியை ஆயத் தொடங்கினாள். தலைகளைக் கிள்ளுகிற வேகத்தில் அவளுடைய பயம் தெரிந்தது.

எட்டாம் திருவிழா இன்னிசை எங்கள் வீட்டுப் பொறுப்பு. அன்று காற்று செத்துக் கிடந்தது. மேற்கே கடல் எண்ணெய்போல் அசையாமல் இருந்தது. மலைப்பக்கம் மேகம் கறுத்து இறங்கியும் மழை வரவில்லை. கடலை வறுக்கிற மணமும் வளையல் கடைக் கூச்சலும் ஓலை மறைப்பைத் தாண்டி வந்தன.

தங்கப்பன் பெட்டியைச் சுற்றி வந்தார். "இதுதானா துபாய்ச் சரக்கு? எத்தன வாட்டு?"

"இருபது," என்றான் லிஜின்.

"எனக்க கோளாம்பி தும்மினா இது பறந்துரும் மக்கா."

"முன்னால ஒரு மைக்க வச்சாப் போதும் அண்ணாச்சி."

"மைக்கும் நாமதான் வைக்கணுமா? மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரில்லா இருக்கு. எல்லாம் எடுத்து வாய்ப்பக்கம் வைக்கணும்."

கோளாம்பி என்றால் தென்னையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். நாலு தென்னையில் கட்டியிருந்தார். சிரித்தாரே தவிர, ஓரக்கண்ணால் அந்தப் பெட்டியை அவர் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

நேசபாய் ஷிபாவின் தோளில் இடித்தாள். "உனக்க மாப்பிள்ள ஒரு பெட்டி அனுப்பினா ஊரே கிடுங்குது. எனக்க மருமவன் குவைத்துலேருந்து ஒரு குடை அனுப்பினான். விரிச்சா மடங்காது, மடக்கினா விரியாது."

"மழ வரட்டும் அக்கா, அப்ப விரியும்," என்றாள் ஷிபா.

லிஜின் ஸ்விட்சைப் போட்டான். "சூடாவட்டும். ஆரும் தொடாதீங்க." சட்டை மாற்றக் கோயிலை ஒட்டிய அறைக்குப் போனான். ஆட்கள் நடக்கும் வழியில் ஒயர் கிடந்தது. அபின் பெட்டிக்குப் பின்னால் குனிந்து அதைச் சுருட்டி ஓரமாக வைத்தான். குனிந்தவன் உடனே எழவில்லை. சிவந்து எரிகிற கண்ணாடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நேசபாய் கண்டது அதுவரைதான். அதற்குமேல் அவள் இடம் பிடிக்க முன்பக்கம் ஓடிவிட்டாள். மத்தியாஸும் ஷிபாவும் போனார்கள். தங்கப்பன் தன்னுடைய செட்டுக்குப் போனார். படிக்கட்டில் நானும் உள்ளே அபினும் மீந்தோம்.

அப்போது குளோரி ஒரு பிளாஸ்டிக் குப்பியோடு வந்தாள்.

எங்கள் கரையில் புது எஞ்சின் வந்தால் முதலில் கரையிலேயே அதை ஓடவிட்டு, ஓடுகிற எஞ்சின்மேல்தான் மந்திரித்த தண்ணீர் தெளிப்போம். நிற்கிற எஞ்சினுக்குத் தெளிப்பதில்லை. நின்றால் அது வெறும் இரும்பு, ஓடினால்தான் எஞ்சின் என்பார்கள் பெரியவர்கள். குளோரி கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் வீட்டு எஞ்சின்கள் எல்லாம் அப்படித்தான் கடலுக்குப் போயின.

"அம்மா, அது என்னது?" என்றான் அபின்.

"தண்ணி. காலைல ஃபாதர் மந்திரிச்சுத் தந்தது."

"இதுக்கு எதுக்கு?"

"புதுசுல்லா. ஓடுகப்பத் தெளிக்கணும்."

அபின் குப்பியைப் பிடித்தான். "வேண்டாம். இஞ்ச தா."

"விடுலே."

"அம்மா, சொல்லுகதக் கேளு. அது..."

"உனக்க கண்ணு படாம இருக்கத்தாம்லே தெளிக்கேன்."

குளோரி கோபத்தில் சொல்லவில்லை. மெதுவாக, கெஞ்சுவதுபோலச் சொன்னாள். அபின் கையை எடுத்துவிட்டான். தொடங்கிய வார்த்தையை முடிக்கவில்லை.

அவள் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி சொல்லி, லிஜின் எஞ்சின் என்று காட்டிய அதே சிவப்பில் தெளித்தாள். நகத்தால் சுண்டியதுபோல ஒரு சின்ன ஓசை வந்தது. வாயில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை, வெளியே முழங்கிய பேண்டில் அது என்ன ஓசை என்று எனக்கும் பிடிபடவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனாள்.

முதல் பாட்டில் லிஜின் வாசித்த வாசிப்பை இப்போதும் ஊர் சொல்லும். கடலை விற்கிறவன் தாளம் தட்டுவதை நிறுத்தினான். தங்கப்பன் தானாகவே கோளாம்பிச் சத்தத்தைக் குறைத்தார். கித்தார் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல வந்தது. அபின் மேடையின் ஓரத்தில் தன்னுடைய பலகைப் பெட்டியோடு உட்கார்ந்து கூட வாசித்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். பசியோடு இருப்பவன் அடுத்த இலையைப் பார்க்கிற முகம். என் வீட்டுப் பிள்ளை என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை.

இரண்டாம் பாட்டின் நடுவில் சத்தம் கிழிந்தது. மாவு பொரிவதுபோல ஒரு படபடப்பு. பிறகு ஒன்றுமில்லை. லிஜின் பின்னால் போய்க் குனிந்தான். அதுவரை வெள்ளிபோல மின்னிக்கொண்டிருந்த பெரிய வால்வு ஒன்றின் உச்சி பால்போல வெளுத்திருந்தது. கண்ணாடியில் முடி அளவு கீறல்.

அவன் நிமிர்ந்தபோது பெட்டிக்கு வைத்த மைக் அவன் வாய்க்கு நேராக இருந்தது.

"நீ என்ன செஞ்சே? உனக்குப் பொறுக்கல்லியா அண்ணா?"

நாலு தென்னையிலிருந்தும் அது கேட்டது. கரை முழுக்கக் கேட்டது.

கீழே முன்வரிசையில் குளோரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அபின் அவளைப் பார்த்தான். தன் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கமாக இறங்கிக் கடலோரம் போனான். லிஜின் அந்த ஒயரைச் செருகவில்லை. தங்கப்பன் ரெக்கார்டு போட்டார்.

மறுநாள் காலையில் கட்டஞ்சாயா ஆறிக் கிடக்க எல்லாரும் அடுப்படியில் இருந்தோம். அபின் உடம்பில் மணலோடு வந்தான். மத்தியாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூலையில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தான்.

"சொல்லு. கோயில் மேடைல எனக்க மானத்த வாங்கினியே, எதுக்குலே?"

அபின் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான்.

"அவன் சொல்லமாட்டான் அப்பா," என்றான் லிஜின். "நேசபாயக்கா கண்டிருக்கு. பின்னால குனிஞ்சு நிண்ணானாம்."

குளோரி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் எல்லாம் முறையாத்தானே செஞ்சேன். மந்திரிச்ச தண்ணி தெளிச்சேனே. நீ காட்டின எஞ்சின்லயே தெளிச்சேனே மக்கா. பெறவும் கண்ணு பட்டுட்டே."

தூண்டில் வள்ளத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு போய் வந்த குடும்பம் எங்களுடையது. எரிகிற சிம்னியில் ஒரு துளி அலை தெறித்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லிஜின் கேட்டான்: "எப்பம் தெளிச்சே அம்மா?"

"நீ சட்ட மாத்தப் போனப்ப. ஓடுகப்பத்தானே தெளிக்கணும்."

"அம்மா, நீ சும்மா இரி," என்றான் அபின். "நான்தான் ஒடச்சேன். போதுமா? அப்பா, அடிக்கணும்ணா அடிங்க."

மத்தியாஸ் துடுப்பைக் கீழே வைத்தான். குளோரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில்தான் அவளுக்குப் புரிந்தது. மண் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ ஏம்லே என்னத் தடுக்கல்ல?"

"தடுக்கத்தான் வந்தேன்."

"ஒரு வார்த்த, கண்ணாடிண்ணு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீ கண்ணுண்ணு சொன்னே. பெறவு எனக்கு வாய் வரல்ல."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டதற்கு அது மட்டும்தானா காரணம் என்பதை அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லிஜின் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதான்.

மந்திரித்த தண்ணீர் பட்டு உடைந்தது என்று வெளியே போனால் ஊர் என்ன பேசும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்பார்கள். எங்கள் வள்ளத்தில் ஏற ஆள் வராது. அதனால் வாயைத் திறக்க வேண்டாம் என்று அபின் சொன்னான். நாங்கள் கேட்டோம்.

துபாயிலிருந்து வேறு வால்வு வந்தது. மறு திருவிழாவுக்கு லிஜின் பெட்டியைத் தூக்கி அண்ணனுக்கு முன்னால் வைத்தான்.

"இந்த வருசம் நீ வாசி அண்ணா."

"நான் கேட்டேனா?"

"கேக்கல்ல. நான் தாறேன்."

"எடுத்துட்டுப் போ மக்கா. மழத்தூசி அடிக்கும்."

எடுத்துக்கொண்டுபோக உதவியும் செய்தான். மேடை ஓரத்தில் அதே பலகைப் பெட்டியோடு உட்கார்ந்து, அதே முகத்தோடு வாசித்தான். மூன்றாம் வருஷம் லிஜின் படிப்பு முடித்துத் துபாய்க்குப் போனான். பெட்டி இப்போது அபினின் அறையில், அவன் கைபடாமல், துணி மூடிக் கிடக்கிறது. தூசி மட்டும் இல்லை.

இந்த மாசி மாதம் அபினுக்குக் குளச்சல் பக்கம் பெண் பேசினோம். பெண்ணின் அத்தை ஒருத்தி, தம்பியின் பெட்டியை உடைத்தவன்தானே என்று கேட்டாளாம். வீடு பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பொரித்து வைத்த முறுக்கு அப்படியே இருக்க, குளோரி என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், நீங்க பெரியவங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. எனக்க பேரப் போட்டே சொல்லுங்க."

"உனக்கு வெக்கமில்லையா ஏட்டி?"

"உண்டும். ஆனா அவன் சொமந்தது போதும்."

ஆகவே எழுதுகிறேன். தம்பியின் பெட்டியை அபின் உடைத்தான் என்றும், அந்தச் சண்டையில்தான் லிஜின் ஊரைவிட்டுப் போனான் என்றும் கரையில் பேச்சு இருக்கிறது. லிஜின் போனது வேலைக்கு. வால்வு உடைந்தது சூட்டில் தண்ணீர் பட்டு. தெளித்தவள் குளோரி. அபினுக்குப் பொறாமை இருந்தது. உடைத்தது அவன் இல்லை.